ஞாயிற்றுக்கிழமை பஸ்

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக மகனோடு காரில் ரேணிகுண்டா வரை போகவேண்டி வந்தது. சித்தூர் தாண்டியதும் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். விழித்தால் சந்திரகிரிக் கோட்டை எதிரே நிற்கிறது. "பழைய ரோடு எங்கடா?" என்று கேட்டேன். "இதுதாம்மா அது. அகலம் பண்ணிட்டாங்க" என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வழியில் சோளக்கதிர் சுட்டு விற்கிற ஒரு பெண்ணிடம் வண்டியை நிறுத்தினான். அவள் விசிறியால் இரண்டு தட்டு தட்டினாள். கரிப்புகை வந்து மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், எனக்குக் கதிரும் வேண்டாம், கல்யாணச் சாப்பாடும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

கரி பஸ் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. சண்டைக் காலத்தில் பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. பஸ்ஸுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளையைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைப்பார்கள். கிளீனர் ஒரு கைப்பிடியைப் பிடித்துச் சுற்று சுற்றென்று சுற்றுவான். அரைமணி நேரம் அவன் வேர்த்துக் கொட்டிய பிறகுதான் வண்டிக்கு உயிர் வரும். மேடு வந்தால் போதும், டிரைவர் திரும்பிப் பார்த்து, "ஆம்பளைங்கல்லாம் எறங்குங்க, திகண்டி, திகண்டி" என்பார். ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். நாங்கள் மகாராணிகள் போல உள்ளே உட்கார்ந்திருப்போம்.

மகாராணி என்றா சொன்னேன்? நான் அப்போதுதான் சித்தூர் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவை. அந்தப் புடவையில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்ச நஞ்சமல்ல. அதைக் கட்டிக்கொண்டு, வேறு இடமில்லாமல், கரி உருளைக்கு ஒட்டினாற்போல் இருந்த கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தேன். பூதலப்பட்டு வருவதற்குள் முன்பக்கம் டீச்சர், பின்பக்கம் கரிக்கடை.

ரோட்டுக்கு இரண்டு பக்கமும் புளியமரங்கள் மேலே கைகோத்துக்கொண்டு நிற்கும். வெயிலே கீழே விழாது. வெல்லம் ஏற்றிய மாட்டு வண்டிகள், மெட்ராஸிலிருந்து கலெக்டர் கச்சேரிக்கு வருகிற துரைமார்களின் கார்கள், மலைக்கு நடந்து போகிறவர்கள், மொட்டை போட்டுத் திரும்புகிறவர்கள், எல்லாருக்கும் அந்த ஒரே ரோடுதான். எங்கள் பஸ்ஸிலும் பாதிப்பேர் திருப்பதி யாத்திரைக்காரர்கள். பஸ் மேடேறினால் "கோவிந்தா!" என்று ஒரு குரல் கிளம்பும். என் நைனா, அதாவது அப்பா, பக்கத்தில் உட்கார்ந்து வாய்க்குள் ஒரு கிறிஸ்தவக் கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டு வருவார். மேடு ஏறிவிட்டால் இரண்டு தரப்புக்கும் சந்தோஷம்.

நாங்கள் போனது யாத்திரை அல்ல. என் அண்ணன் சாமுவேல் பட்டாளத்தில் இருந்தான். லீவில் வந்த அவனுடைய சிநேகிதன் ஒருவன் வீட்டுக்கு வந்து அம்மாவின் காதோடு சொல்லிவிட்டுப் போனான்: ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்களுடைய ரயில் ரேணிகுண்டாவில் தண்ணீர் பிடிக்க நிற்கும். எங்கே போகிறார்கள் என்று அவன் சொல்லவில்லை. பர்மாப் பக்கம் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கம் போனவர்கள் சிலர் திரும்பவில்லை என்பதும் தெரியும். கண்ணால் ஒருதரம் பார்த்துவிடவேண்டும் என்று அம்மா முறுக்கு சுட உட்கார்ந்துவிட்டாள். சித்தூரிலிருந்து ரயில் உண்டுதான். ஆனால் சண்டைக் காலத்தில் அதில் ஜன்னல் வழியாகத்தான் ஏறவேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால் பஸ்.

நைனா எங்கள் கிறிஸ்தவ சபையில் உபதேசியார், பாதிரியாருக்கு அடுத்தபடியாகப் பிரசங்கம் செய்கிறவர். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஓய்வுநாள். அந்த நாளில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது, சனிக்கிழமை கிளறிய புளிச்சோறுதான். காசு கொடுத்து ஒரு தீப்பெட்டி வாங்கக் கூடாது. வண்டி ஏறக்கூடாது. ஆகவே சனிக்கிழமையே போய்விடுவது, ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற சபைக்காரர் வீட்டில் தங்குவது, மறுநாள் ரோட்டைக் கடந்து போய் அண்ணனைப் பார்ப்பது என்று ஏற்பாடு. ரோட்டைக் கடப்பது பயணம் ஆகாது என்று நைனா தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். மகனைப் பார்க்க அவருக்கும் அவ்வளவு ஆசை.

பனபாக்கம் அருகே பஸ் இருமிற்று, முனகிற்று, நின்றுவிட்டது. கரியில் ஈரம். டிரைவர் காதர் பாய் உருளையைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "காஞ்ச கரி பாகாலாவுலேர்ந்து வரணும். நாளிக்கி காலையிலதான்." யாத்திரைக்காரர்களோடு ஒரு சத்திரத்தில் படுத்தோம். நைனா படுக்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

காலையில் கரி வந்தது. பஸ் கிளம்பத் தயாராகி நின்றது. எல்லாரும் ஏறியாயிற்று. நைனா மட்டும் புளியமரத்தடியில் வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏறுங்க" என்றாள் அம்மா.

"நீ போ. பாப்பாவையும் இட்டுக்கினு போ." டீச்சரான பிறகும் அவருக்கு நான் பாப்பாதான்.

"போன கோடையில கவுண்டர் மாடு கெணத்துல வுழுந்தப்போ ஞாத்திக்கெழமதானே கயிறு கட்டிக்கினு எறங்கினீங்க?"

"அது ஆபத்து."

"இது இன்னா?"

நைனா வேதப்புத்தகத்தை மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தேவசகாயத்த கடசி பெஞ்சில உக்கார வச்சவன் நானு."

தேவசகாயம் மாமா வெல்லம் காய்ச்சுகிறவர், எங்கள் சபைதான். பிரசவத்துக்குக் கிடந்த மகளைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸேறிப் போய்விட்டார். நைனாதான் அதைப் பெரிய ஐயரிடம், எங்கள் பாதிரியாரிடம், சொன்னவர். மூன்று மாதம் அவருக்குக் கோயிலில் இராப்போஜனம், அந்த அப்பமும் ரசமும், இல்லை. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுந்து முன்னால் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊரான் மகளுக்கு ஒரு நியாயம், தன் மகனுக்கு ஒரு நியாயமா என்பதுதான் நைனாவின் வாயை அடைத்தது. அது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. கோபம் கோபமாக வந்தது.

காதர் பாய் ஹாரனை அமுக்கினார். இறங்கியும் வந்தார். "உபதேசியாரே, புள்ள பட்டாளத்துக்குப் போறான். உங்க சாமி ஒரு நாளு கண்ண மூடிக்க மாட்டாரா? வாங்க, ரண்டி" என்று கையைப் பிடித்தார். நைனா அவர் கையைத் தட்டிவிடவில்லை. பிடித்தபடியே இருந்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். கல்யாணமான நாளாக நைனா இல்லாமல் அம்மா வண்டி ஏறியதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. புளிச்சோற்று மூட்டை எங்களோடேயே வந்துவிட்டதைச் சந்திரகிரி தாண்டித்தான் கவனித்தோம்.

ரயில் வந்தது. ஜன்னல் ஜன்னலாகத் தேடி ஓடினோம். சாமுதான் முதலில் எங்களைக் கண்டான். என்னைப் பார்த்ததும் சிரிப்பு தாங்கவில்லை அவனுக்கு. "ஏம்மா, டீச்சர் வருவான்னு பாத்தா கரிக்காரிய இட்டாந்துகிற?" என்றான். அவனோடு இருந்த பட்டாளத்துக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரம் நீடித்திருக்கக் கூடாதா?

"நைனா எங்க?"

அம்மா முறுக்கு டப்பாவை ஜன்னலுக்குள் நீட்டிக்கொண்டே, "ஜொரம்டா. எந்திரிக்க முடியல" என்றாள். என் அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

அவன் முகம் மாறிவிட்டது. "எத்தினி நாளா? மருந்து துன்றாரா? அவரு மாட்டாரே, ஜெபம் பண்ணிக்கினு கெடப்பாரே." சொல்லிக்கொண்டே பையைத் துழாவி, பட்டாளத்தில் கொடுத்த கம்பளிச் சட்டையை எடுத்து அம்மா கையில் திணித்தான். "எனக்கு வேற குடுப்பாங்க. நைனாவுக்குக் குளுரும். போட்டு வுடு." அம்மா வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் பொய் வெளிப்பட்டுவிடும். வாங்கிக்கொண்டாள். ரயில் நகர்ந்தது. அவன் கையை ஆட்டிக்கொண்டே போனான்.

திங்கட்கிழமை திரும்பும்போது நைனா அதே மரத்தடியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை எதையும் காசு கொடுத்து வாங்க மாட்டாரே, பட்டினி. அம்மா சட்டையை அவர் மடியில் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பொய் சொன்னதற்குத் திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். நைனா சட்டையின் கையைத் தடவிக்கொண்டே, "நான் நல்லாத்தானே கீறேன்" என்றார். அதை அவர் ஒருநாளும் போட்டுக்கொண்டதில்லை. அந்த மார்கழியில் நிஜமாகவே காய்ச்சல் வந்து நடுங்கியபோது அம்மா கொண்டுவந்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் செய்தி வந்தது. சாமு இல்லை.

துக்கத்துக்கு வந்தவர்களில் தேவசகாயம் மாமாவும் உண்டு. எல்லாரும் போனபிறகும் உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிந்துகொண்டே, "அன்னிக்கி ஏறியிருக்கலாம் உபதேசியாரே. நான் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டேன்" என்றார். அடுத்த அறையில் இருந்த அம்மா அதைக் கேட்டுத்தான் வாய்விட்டு அழுதாள். அதுவரை அவள் அழவில்லை.

இனி நைனா ஓய்வுநாளை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். முன்னைவிட அதிகமாகப் பிடித்துக்கொண்டார். கடைசிக் காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மூச்சுத் திணறியபோதும், ஆஸ்பத்திரிக்கு ஜட்கா வேண்டாம், விடியட்டும் என்று கையைக் காட்டினார். எனக்கு வயதான பிறகுதான் புரிகிறது. அதை விட்டுவிட்டால், அன்றைக்கு மரத்தடியில் உட்கார்ந்ததற்கு அவரிடம் என்ன காரணம் மிஞ்சும்?

அந்தப் புளியமரங்கள் ஒன்றுகூட இப்போது இல்லை. ரோடு அகலம் பண்ணியபோது வெட்டிவிட்டார்கள். காதர் பாய் இல்லை, கரி பஸ் இல்லை. அதற்கெல்லாம் எனக்கு அவ்வளவு துக்கம் இல்லை. எங்கள் கோயிலில் ஞாயிறு ஆராதனை இப்போது சீக்கிரமே முடிந்துவிடுகிறது. ஆசீர்வாதம் சொன்ன கையோடு ஐயர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு அடுத்த ஊர்ச் சபைக்குப் பறக்கிறார். வாசலிலேயே காய்கறி விற்கிறது, நானும்தான் வாங்குகிறேன். யாரையும் யாரும் கடைசிப் பெஞ்சில் உட்காரவைப்பதில்லை. நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. சபை கூடித் தீர்மானம் போட்டா அந்த நாளை விட்டார்கள்? ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அது பாட்டுக்குப் போய்விட்டது. இவ்வளவு சுலபமாகப் போகக்கூடிய ஒன்றுக்காகவா என் நைனா பெற்ற பிள்ளையின் முகத்தைக் கடைசியாக ஒருதரம் பார்க்காமல் இருந்தார் என்று நினைத்தால், எனக்குத் தாங்கவில்லை.