சிவப்பு ஸ்டூலும் வாய் நிறைய வடையும்

என் கேண்டீனில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கிறது. விரிந்துபோன காலை ராஃபியா கயிற்றால் கட்டியிருக்கிறேன். புதிது வாங்க வக்கில்லாமல் இல்லை. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டு, கிள்ளானில் ஒற்றை ரொட்டிக் கல்லோடு தொடங்கி, இன்று ஷா ஆலமில் ஒரு கல்லூரிக்கே சோறு போடுகிறவன் நான். இதை மட்டும் மாற்ற மாட்டேன்.

வளாகத்தைச் சுற்றி வழிப்பறி அதிகமான சமயம், பறிகொடுத்து வருகிறவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் கல்லூரிக் கவுன்சிலர் அம்மா எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். விரிவுரையாளர்கள், ஹாஸ்டல் வார்டன், வாசலில் காவல் நிற்கும் ஜாகா, நான் எல்லோரும் மாணவர்களாக உட்கார்ந்திருந்தோம். "எதிர்ல நிக்காதீங்க, பக்கத்துல உக்காருங்க. ஏன் போனே, எதுக்கு நகை போட்டேன்னு கேக்காதீங்க. அவங்க பேசட்டும்." பாடம் இவ்வளவுதான்.

நடித்துக் காட்டும்போது, பை பறிபோன மாணவியாக அம்மாவே வந்தார். அவர் வாய் திறக்குமுன் நான், "தனியா ஏன்மா போன?" என்று ஆரம்பித்து, கிள்ளானில் என் மோட்டார் சைக்கிளைத் திருடியவனைக் கைலியோடு துரத்திய கதைக்குப் போய்விட்டேன். பாதியில் அம்மா நிறுத்தினார்.

"அண்ணே, பறிகொடுத்தது நானா, நீங்களா?"

"தவுக்கே பேசுனா திருடனே பையைத் திருப்பிக் குடுத்துருவான்லா!" என்றார் ஜாகா. முதலாளி என்பதற்கு அவர் வாயில் தவுக்கேதான். பயிற்சி முடித்த அடையாளமாக எல்லோருக்கும் பேட்ஜ் குத்தினார்கள். எனக்கு மட்டும், "அடுத்த தடவை பாப்போம்ண்ணே."

சில வாரம் கழித்து, காலையில் பசியாறும் நேரத்தில் அம்மா தடுமாறிக்கொண்டே கேண்டீனுக்குள் வந்தார். கழுத்தில் சிவந்த கோடு. மோட்டாரில் வந்தவன் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போயிருந்தான். பேட்ஜ் கூட்டம் ஓடிவந்து சூழ்ந்துகொண்டது.

"வெளிய தெரியிற மாதிரி ஏன் மேடம் போட்டீங்க?" என்றார் வார்டன்.

"அந்தப் பக்கம் ஏன் நடந்தீங்க?" என்றார் ஜாகா.

அம்மா வாசலைப் பார்த்துத் திரும்பினார். இப்படியே விட்டால் போலீசுக்கும் போகாமல் வீட்டுக்குள் போய் முடங்கிவிடுவார் என்று எனக்குப் பட்டது.

ஆனால் மோட்டார்க் கதை என் தொண்டைவரை வந்து நின்றது. அதை அடக்க வேறு வழி தெரியாமல் ஒரு முழு வடையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டேன். கையை வீசிக் கூட்டத்தை விரட்டினேன். யாரையும் உட்காரவிடாத என் கல்லா நாற்காலியை அம்மாவுக்குத் தள்ளிவிட்டு, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அம்மா அழுதார், பிறகு பேசினார். ஒரு வடை தீர்ந்தால் இன்னொன்று. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரிப்போர்ட் பண்ணணும்ண்ணே. கூட வரீங்களா?" என்றார். வாய் நிறைய வடை. தலையை மட்டும் ஆட்டினேன். எழுந்தபோது பார்த்தால், என் பாரத்தில் ஸ்டூலின் கால் விரிந்திருந்தது.

போலீஸ் நிலையத்திலிருந்து திரும்பும் வழியில் அம்மாவே கேட்டார்: "அண்ணே, அந்த மோட்டார் திருடன்... புடிச்சீங்களா இல்லையா?"

சங்கிலி கிடைக்கவே இல்லை. அம்மாவும் அம்பாங் பக்கம் மாற்றலாகிவிட்டார். போகும்போது தன் பேட்ஜைக் கழற்றி என் சட்டையில் குத்திவிட்டுப் போனார். இன்றும் யாராவது கண் கலங்கி வந்தால் என் கை ஸ்டூலைத்தான் தேடுகிறது. நான் கேட்காமலே சமையல் மாஸ்டர் வடைத் தட்டை என் பக்கம் நகர்த்திவிடுகிறார்.