செம்மண் வெளியில் இடப்பக்கம்

அவுஸ்திரேலியாவின் உட்பகுதியில் எதிரே வருகிற ஒவ்வொருவனும் ஸ்ரியறிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுகிறான். "உவனை உனக்குத் தெரியுமோ?" என்று தம்பி செல்வனைக் கேட்டேன். "இல்லை அண்ணை, ஆளில்லாத றோட்டு. ஆளைக் கண்ட சந்தோசம்" என்றான். எங்கள் ரொறொன்ரோவின் 401ஆம் நெடுஞ்சாலையில் ஒருவன் விரல் தூக்கினால் அர்த்தம் வேறு.

அடிலெய்டில் குடியிருக்கும் தம்பியைப் பார்க்கப் போன இடத்தில், கூபர் பீடி என்ற சுரங்க ஊர் வரை எண்ணூறு கிலோமீற்றருக்கு மேல் ஒரே பகலில் போக வெளிக்கிட்டோம். ஐந்து மணித்தியாலமாக அவனே ஓட்டினான். எனக்குக் கை துருதுருத்தது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வெங்காய லொறி ஓடியவன். பிறகு கனடாவில் பிறம்ரனிலிருந்து பதினெட்டுச் சில்லு ட்ரக்கைப் பனிக்குள்ளால் வன்கூவர் வரை கொண்டுபோய், ஒரு கீறல் இல்லாமல் திரும்பியவன். இப்படியொரு றோட்டை ஓடிப் பார்க்காமல் எந்த முகத்தோடு கனடா திரும்புவது?

"இங்க இடப்பக்கம், அண்ணை."

"ஊரிலயும் இடப்பக்கம்தான்ரா. நான் லொறி ஓடேக்க நீ அரைக் காற்சட்டை."

பெற்றோல் அடிக்க நிறுத்திய கடையில் இருந்த வெள்ளைக்காரி எவ்வளவு தூரம் போகிறோம் என்று கேட்டாள். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டதாகப் பிழையாக விளங்கிக்கொண்டு, "கனடா" என்றேன் பெருமையாக. "அப்படியென்றால் பெற்றோல் ராங்கை நிரப்பிக்கொண்டு போங்கள்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத் தம்பியும் கார்த் திறப்பை என்னிடம் தந்துவிட்டான்.

என்ன றோட்டு! வளைவே இல்லை. இரண்டு பக்கமும் இரத்தச் சிவப்பு மண். வேலியோரமாக ஈமு ஒன்று என்னோடு பந்தயம் ஓடியது. எனக்கு மறுபடி இருபது வயது. பக்கத்தில் தம்பி குறட்டை.

தூரத்தில் ஒரு லொறி, மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு நேரே என்னை நோக்கி வந்தது. 'விசரன், குடித்துவிட்டுப் பிழையான பக்கத்தில் வருகிறான்' என்று ஹோர்னை அமத்தினேன். அவனும் அடித்தான், விடாமல். தம்பி துள்ளியெழுந்தான்.

"அண்ணை, இடக்கை! இடக்கைக்கு எடுங்கோ!"

வெட்டினேன். கல்லும் புழுதியும் பறந்தன. லொறியின் காற்றில் கார் ஆடியது. பெற்றோல் கடையிலிருந்து நான் வந்த தூரம் முழுவதும் கனடாப் பக்கம், அதாவது வலப்பக்கம். முப்பது வருசப் பழக்கம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காரை ஓரமாக நிறுத்தினேன். நானே இறங்கித் திறப்பை நீட்டினேன். "நீ ஓடு."

சுற்றிவந்து இடப்பக்க இருக்கையில் ஏறினேன். ஊர் லொறியில் அது கிளீனரின் இடம்; கனடாவில் சாரதியின் இடம். அடுத்த வாகனம் எதிரே தெரிந்ததும், என் வலது கால் அங்கே இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது.