எழுத்தில் இருந்த பாட்டுகள்

எங்கள் குழுவில் ஐந்து பேர். இரண்டு வயலின், ஒரு புல்லாங்குழல், ஒரு கீபோர்டு, ஒரு தபலா. நான் காரைக்குடியில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்ததால், ஐந்து கோடுகளில் எழுதிய இசையைப் பார்த்து வயலின் வாசிக்கச் சின்ன வயதிலேயே பழகியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில், கோவிலூர் போகும் சாலையில் நான் வாடகைக்கு இருந்த வீட்டு மாடியில் ஒத்திகை நடக்கும்.

கீபோர்டு வாசித்தவர்தான் எங்களுக்குப் பாட்டு எழுதித் தந்தவர். புதுவயலில் ஒரு வங்கிக் கிளையில் அவருக்கு வேலை. பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. நடவுப் பாட்டு, கும்மி, தாலாட்டு என்று இந்தப் பக்கம் கேட்கிற மெட்டுகளை எடுத்து, ஐந்து வாத்தியங்களுக்கும் தனித்தனியாகப் பிரித்து எழுதுவார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். அவர் என்னை 'டீச்சர்' என்பார், நான் அவரை 'சார்' என்பேன். கடைசி வரைக்கும் அப்படியேதான் பேசிக்கொண்டோம்.

அவர் முதன்முதலில் அனுப்பிய கோப்பைத் திறந்தபோது, அனுப்பும்போது ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. வெறும் ஆங்கில எழுத்துகளும் எண்களும் அடைப்புக்குறிகளுமாக வரிவரியாக ஓடியது. போன் செய்தேன்.

"கெட்டுப் போகலை டீச்சர், அதுதான் பாட்டு," என்றார். "ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு எழுத்து. எவ்வளவு நேரம் நீளணும்ங்கிறதுக்குப் பக்கத்துலயே ஒரு எண்ணு. அந்த மென்பொருளை உங்க கம்ப்யூட்டர்ல போட்டு இந்தக் கோப்பைக் குடுத்தீகன்னா, அதுவே கோடு போட்டு அச்சுக்குத் தயாரா குடுத்துரும்."

"நீங்க எப்படி சார் படிக்கிறீக?"

"படிக்கிறது எங்க? கேக்குறேன். கம்ப்யூட்டர் வாசிச்சுச் சொல்லும். எழுத்தா இருந்தா அது எதையும் வாசிச்சுரும்ல. படமா இருந்தாத்தான் வாசிக்காது."

சொன்னபடியே செய்தேன். சில நொடிகளில் திரையில் வந்த பக்கத்தைப் பார்த்து அசந்துபோனேன். அவ்வளவு ஒழுங்கான இசைப் பக்கத்தை அச்சுப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். அதைத் தாளில் எடுத்துக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை வாசித்தோம். நான் ஓரிடத்தில் தப்பாக வாசித்ததும் அவர் கீபோர்டை நிறுத்திவிட்டு, "டீச்சர், பதினேழாவது கட்டத்துல ரெண்டாவது சுரம். பேப்பர்ல என்ன போட்டிருக்குன்னு பாருங்க," என்றார். பார்த்தேன். தாளில் சரியாகத்தான் இருந்தது. என் விரல்தான் தப்பு.

ஒன்றரை வருடத்தில் நாற்பது பாட்டுகள் அப்படிச் சேர்ந்தன.

புல்லாங்குழல் வாசித்தவர் எங்களுக்கெல்லாம் இளையவர், தம்பி என்றுதான் கூப்பிடுவோம். சென்னையில் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தவர். கானாடுகாத்தானில் அவருடைய சித்தப்பாவின் பெரிய வீடு ஹோட்டலாக மாறியிருந்தது. சனிக்கிழமை சாயங்காலங்களில் அங்கே தங்க வருகிறவர்களுக்காக உள்முற்றத்து வளவில் உட்கார்ந்து வாசிப்போம். கூட்டம் அதிகம் வராது. ஆனால் வந்தவர்கள் எழுந்து போகாமல் கேட்டார்கள். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை அங்கே ஒரு கல்யாண வீட்டார் வந்து தங்கியிருந்தார்கள். அவர்களுக்காகப் புதிதாக ஒரு கும்மிப் பாட்டைச் சார் எழுதி அனுப்பியிருந்தார். என் வயலின் பகுதியில் ஓரிடம் விரலுக்குச் சிரமமாக இருந்தது. வெள்ளிக்கிழமை பள்ளியில் சாப்பாட்டு நேரத்தில் நானே கோப்பைத் திறந்து இரண்டு சுரங்களை மாற்றினேன். மாற்றும்போது ஒரு அடைப்புக்குறியையும் சேர்த்து அழித்துவிட்டேன். அது எனக்குத் தெரியவில்லை. மறுநாள் மத்தியானம் அச்செடுக்கலாம் என்று பார்த்தால் மென்பொருள் பிழை பிழை என்று வரிசையாகக் கத்தியது. ஒரு பக்கம்கூட வரவில்லை. சாருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பஸ்ஸில் வந்துகொண்டிருந்திருப்பார். அன்று பழைய பாட்டுகளையே வாசித்தோம்.

வாசித்து முடித்துச் சாமான்களைக் கட்டும்போது புல்லாங்குழல் தம்பி பொரிந்து தள்ளினார்.

"இந்தக் காலத்துல யாரு அக்கா இப்படி உக்காந்து டைப் அடிக்கிறாக? திரையில கோட்டைப் போட்டு, சுரத்தை மவுஸால பிடிச்சு வச்சா முடிஞ்சுது. வச்ச உடனே வாசிச்சும் காட்டும். ஒரு அடைப்புக்குறி இல்லேன்னு மொத்தப் பாட்டும் நின்னு போறதெல்லாம் என்ன கூத்து!"

சார் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் நிதானமாக, "கோப்பை அனுப்பினப்போ நான் ஒருவாட்டி ஓட்டிப் பாத்துட்டுத்தான் அனுப்புனேன்," என்றார். அன்றிரவே அந்தக் கோப்பை அவருக்கு அனுப்பினேன். மறுநாள் காலை ஒத்திகைக்குக் கிளம்பும் முன்பே போனில் என்னைக் கூப்பிட்டார். "நூத்திப் பன்னெண்டாவது வரியில ஒரு அடைப்பு விட்டுப்போயிருக்கு டீச்சர். அதுக்கு மேல ரெண்டு சுரமும் மாறியிருக்கு. கை பட்டிருக்கும் போல."

யாருடைய கை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. "அப்படியா சார், சரியாப் போச்சு," என்று சொல்லிவிட்டு வைத்தேன். அன்றைக்கே எல்லாரிடமும் 'தப்பு என்னுடையது, அந்த முறையுடையது இல்லை' என்று சொல்லியிருந்தால் இதை இன்று எழுதவேண்டி இருந்திருக்காது.

அடுத்த ஒத்திகையில் தம்பி தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து திரையில் சுரங்களை வைத்துக் காட்டினார். எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. எனக்கும்தான். அந்தப் பேச்சின் நடுவே, எல்லார் முன்னாலும் நான் கேட்டேன்: "சார், நாம இதுக்கு மாறிக்கிட்டா உங்களுக்கு ஒண்ணும் சிரமமில்லையே?"

"எல்லாருக்கும் எது சௌகரியமோ அதைச் செய்யுங்க டீச்சர். நான் பாத்துக்கிறேன்," என்றார்.

தனியாகக் கேட்டிருக்க வேண்டும். நாலு பேர் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, தன் ஒருவனுக்காக எல்லாரும் நிற்கவேண்டும் என்று எந்த மனிதர் சொல்வார்? அன்று அது எனக்குத் தெரியவே இல்லை என்று சொல்லிக்கொள்வேன். அது பாதிதான் உண்மை. படமாக இருப்பதைக் கம்ப்யூட்டர் அவருக்கு வாசித்துச் சொல்லாது என்பதை அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். நான் அதை நினைத்துப் பார்க்க விரும்பவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கோடை விடுமுறை முழுக்க நாற்பது பாட்டுகளையும் புதிய மென்பொருளுக்கு மாற்றினேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஒரு சுரத்தைப் பிடித்து மேலே இழுத்தால் அது மேலே போய் உட்காரும். பொத்தானை அழுத்தினால் வாசித்துக் காட்டும். ஒவ்வொரு பாட்டும் முடிய முடிய, அது என்னுடையது மாதிரி ஒரு எண்ணம் வந்தது. தாலாட்டில் இரண்டாம் வயலினும் குழலும் ஓரிடத்தில் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களில் உரசிக்கொண்டு நிற்கும். திரையில் பார்க்க அது பிசகாகத் தெரிந்தது. சாரின் விரல் தவறிப்போய் அடித்திருக்கும் என்று நானே முடிவுகட்டி, வயலினை இரண்டு படி கீழே இறக்கி வைத்தேன். அவரிடம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தாலாட்டை ஹோட்டலில் வாசித்தபோது, அந்த இடத்தில் அவருடைய கைகள் கீபோர்டின் மேல் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தன. முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "மாத்திட்டீகளா டீச்சர்?" என்றார்.

"அது தப்புன்னு நினைச்சேன் சார்."

"பிள்ளை அழுகையை நிறுத்துறதுக்கு முன்னால கடைசியா ஒரு சிணுங்கு சிணுங்கும்ல, அது," என்றார். "பரவாயில்லை. இதுவும் நல்லாத்தான் இருக்கு."

திருப்பி மாற்றுகிறேன் என்றேன். மாற்றவும் செய்தேன். ஆனால் மாற்றினேனா இல்லையா என்று அவர் தானாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள இனி வழி இல்லை. நான் சொல்வதை நம்பவேண்டும், அல்லது அடுத்த முறை வாசிக்கும்போது கேட்கவேண்டும்.

அதன்பிறகு புதுப் பாட்டுகளை அவர் போனில் சொல்வார். முதல் வயலின் இப்படி, இரண்டாம் வயலின் அப்படி என்று பாடிக் காட்டுவார். நான் இந்தப் பக்கம் மவுஸோடு உட்கார்ந்து வைத்துக்கொண்டே வருவேன். ஒரு பாட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். பள்ளி திறந்ததும் எனக்கு விடைத்தாள் திருத்தும் வேலை. "அடுத்த வாரம் வச்சுக்கலாமா சார்?" என்பேன். "ஒண்ணும் அவசரமில்லை டீச்சர், உங்க வேலையைப் பாருங்க," என்பார். அடுத்த வாரமும் அதையே சொல்வேன். மூன்று மாதத்தில் இரண்டு பாட்டு வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. புதிதாக ஒன்றும் தோன்றவில்லை போல என்று தம்பி சொன்னார். நானும் தலையாட்டினேன்.

மறு வருடம் அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம் மாற்றல் வந்தது. மாற்றல் வந்தது என்றுதான் எங்களிடம் சொன்னார். வழியனுப்பப் புதுவயல் போயிருந்தேன். அரிசி ஆலைக்குப் போகும் லாரிகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. ஒதுங்கி ஒதுங்கி நடந்து வீட்டைக் கண்டுபிடித்தேன். சார் வங்கியில் ஏதோ கையெழுத்துப் போடப் போயிருந்தார். அவருடைய மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

"இங்குட்டு உக்காருங்க டீச்சர்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். பேச்சுவாக்கில், "மாத்தல் தானா வரலை. இவுகளா எழுதிக் குடுத்து வாங்கினாக," என்றார்.

"ஏன்? குழுவை விட்டுட்டா?"

அவர் கட்டுவதை நிறுத்தினார். "நான் சொன்னேன்னு சொல்லாதீக. நீங்க அந்தப் புதுக் கோப்பெல்லாம் அனுப்புவீகள்ல, ஒவ்வொண்ணையும் தெறந்து காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பாக. அது ஒண்ணுமே சொல்லாது. பேரை மட்டும் சொல்லும், அப்புறம் கம்முனு இருக்கும். அம்புக்குறி போட்ட சாவியை மேலயும் கீழயும் அமுக்கி அமுக்கிப் பாப்பாக. டீச்சர்ட்ட சொல்லுங்களேன்னு சொன்னேன். அவுகளுக்கு அது சௌகரியமா இருக்கு, விடுன்னுட்டாக."

சார் வந்ததும் எல்லாரும் காபி குடித்தோம். திருநெல்வேலித் தண்ணீரைப் பற்றிப் பேசினோம். தான் சொன்னதாகச் சொல்லவேண்டாம் என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டதற்காகத்தான் சாரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். உண்மையில் கேட்கப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய பழைய கோப்புகளைத் தேடி எடுத்தேன். நல்லவேளை, அழித்திருக்கவில்லை. இதற்கு முன் அவற்றை நான் வரிவரியாகப் படித்ததே கிடையாது. மென்பொருளிடம் கொடுப்பேன், தாளை எடுப்பேன், அவ்வளவுதான். அப்போதுதான் கவனித்தேன், நடுநடுவே விழுக்காட்டுக் குறி போட்டுச் சில வரிகள் இருந்தன. அந்தக் குறிக்குப் பின்னால் எழுதுவது அச்சில் வராது, எழுதுகிறவர் தனக்காகவோ கோப்பைத் திறந்து பார்ப்பவருக்காகவோ எழுதிவைப்பது. தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார்.

"இந்த இடத்தில் டீச்சர் வயலின் வில்லை அழுத்துவார்கள், வேண்டாம்" என்று ஒரு வரி. "தபலா இரண்டு கட்டம் சும்மா இருக்கட்டும், அவருக்குக் கை வலி" என்று ஒரு வரி. நடவுப் பாட்டின் தலைப்பில், "அரியக்குடி வயலில் ஒரு அம்மா பாடியது, பஸ் நின்றபோது கேட்டேன், மீதி தெரியாது" என்று இருந்தது. தாலாட்டில் அந்த உரசும் இடத்துக்கு மேலே, "இது தப்பு இல்லை" என்று எழுதியிருந்தார்.

கோடை முழுக்க உட்கார்ந்து நான் மாற்றிய நாற்பது பாட்டுகளில் இந்த வரிகளில் ஒன்றுகூட இல்லை. அவற்றுக்கு அங்கே இடமே கிடையாது என்று நான் சொல்லமாட்டேன். நான் படித்திருந்தால் ஏதாவது ஒரு மூலையில் வைத்திருக்கலாம்.

புதிய மென்பொருளைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. தம்பிக்கு அது உதவியது. இன்றும் என் மாணவிகளுக்கு அதில்தான் எழுதிக் கொடுக்கிறேன். பார்வையற்றவர்களுக்கும் வாசித்துச் சொல்கிற மாதிரி சிலவற்றில் இப்போது வசதி வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். அன்று எங்களிடம் இருந்ததில் அது இல்லை. இல்லை என்பதை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டியவள் நான்.

சார் போன பிறகு கீபோர்டு இல்லாமல் நாலைந்து மாதம் வாசித்தோம். பிறகு தபலாக்காரர் வருவதை நிறுத்தினார். தம்பிக்கு ஹோட்டல் வேலையே சரியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாடி காலியாயிற்று.

ஒரு மத்தியானம் துணிந்து சாருக்குப் போன் செய்தேன். அடைப்புக்குறியை அழித்தது நான்தான் என்று சொன்னேன். தனியாகக் கேட்காமல் விட்டதையும் சொன்னேன்.

"நீங்கதான்னு அப்பவே தெரியும் டீச்சர். மாறியிருந்த ரெண்டு சுரமும் உங்க விரலுக்குத் தோதா இருந்துச்சு," என்றார். "நானும் வாயைத் தொறந்து சொல்லியிருக்கணும். சொன்னா பாரமா இருப்பேனோன்னு இருந்துட்டேன்."

"இப்ப எழுதுறீகளா சார்?"

"இல்லை டீச்சர். கீபோர்டு மக படிக்கிற ரூம்ல இருக்கு. அவ வாசிக்கிறா."

கடைசியாகப் போனில் சொல்லி எழுதிய இரண்டு பாட்டுகள் மட்டும் எழுத்து வடிவில் இல்லை. அவற்றை நானே அவர் முறையில் தட்டி, ஓட்டிப் பார்த்து, பிழை இல்லை என்று தெரிந்த பிறகு அனுப்பினேன். இப்போது இந்தப் பக்கம் கேட்கிற ஏதாவது ஒரு மெட்டை மாதத்துக்கு ஒன்றாக அப்படியே எழுதி அனுப்புகிறேன். அவர் கேட்டு நான் அனுப்பவில்லை. இரண்டு நாளில் பதில் வந்துவிடும், "கிடைத்தது டீச்சர். கேட்டேன்," என்று. அவர் எழுதிய பாட்டு ஒன்றும் இதுவரை வரவில்லை.