வானம் பார்த்த மரவாத்துகள்

என் தம்பி டொமினிக் மன்னாரில் கோயில்களுக்குச் சுரூபம் செதுக்கியவன். அவன் செய்த அந்தோனியாரின் விரல்களில் நகம்கூடத் தெரியும். எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு ஒக்லாந்துக்கு வந்து, மனுரேவாவில் எங்களோடு தங்கினான். அவன் மனைவி அற்புதம் ஊரிலேயே நின்றுவிட்டாள். டொமினிக்குக்கு நிரந்தர வேலை கிடைத்தால்தான் அவளுக்கு விசா கேட்கலாம் என்றார்கள்.

என் கணவர் பெனடிக்ற் விசாரித்து, ஒனஹங்காவில் மரவாத்து செய்து விற்கும் ஹாரிஸ் என்பவரிடம் அவனைச் சேர்த்துவிட்டார். வேட்டைக்காரர்கள் மரவாத்துகளை நீரில் மிதக்கவிட்டு, நாணலுக்குள் ஒளிந்திருப்பார்கள். பறந்து போகும் வாத்துகள் தம் இனம் கீழே நிற்பதாக நம்பி இறங்கும்.

டொமினிக் இறகு இறகாகச் செதுக்கினான். அவற்றைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் ஹாரிஸ் தலையை ஆட்டினார். எல்லா வாத்தும் கழுத்தை நீட்டி வானத்தைப் பார்த்தன. பயந்த வாத்துத்தான் அப்படி நிற்குமாம். அதைக் கண்டால் மற்றவை இறங்காவாம். மே மாத வேட்டைவரை பார்த்துவிட்டுத்தான் நிரந்தர வேலையைப் பற்றி முடிவு சொல்வேன் என்றார்.

பெனடிக்ற் அவனைக் கேலி செய்தார். "மச்சான், வாத்துக்கு என்னத்துக்கு அந்தோனியாற்ற பார்வை? மோட்சத்துக்கே போகப்போகுது?"

"இறங்கினா அங்கதானே போகும், அத்தான்," என்றான் டொமினிக்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஏரிக்கரைக்குப் போய், வாத்துகளையே பார்த்துக்கொண்டு இருப்பான். மறுநாள் உளியை எடுத்தால் கழுத்து திரும்பவும் மேலே போய்விடும். இருபது வருடம் புனிதர்களைச் செதுக்கிய கை அது.

மார்ச் மாதத்தில் அற்புதம் அகதியாக ராமேஸ்வரத்துக்குப் படகேறினாள். படகு கரை சேரவில்லை. ஊர்ப் பங்குச் சுவாமியார் தொலைபேசியில் சொன்னபோது, டொமினிக் றிசீவரை என்னிடம் தந்தான். திங்கட்கிழமை வேலைக்குப் போனான். நான் கட்டிக்கொடுத்த சோறு அப்படியே திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு அவன் செய்த வாத்துகள் எல்லாம் தலையைப் பின்னால் திருப்பி, அலகை இறகுக்குள் புதைத்து, நித்திரை கொண்டன. வேட்டை தொடங்கிய அன்று வாத்துகள் கூட்டமாக வந்து அவற்றின் நடுவில் இறங்கினவாம். அன்று பின்னேரமே ஹாரிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலை நிரந்தரம், இனி மனைவியைக் கூப்பிடலாம் என்று டொமினிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. டொமினிக் நன்றி சொல்லி, கார்வரை கூடவே போய் வழியனுப்பினான்.

அடுத்த வருடம் எங்கள் கோயிலுக்கு விண்ணேற்பு மாதா சுரூபம் ஒன்று வேண்டும் என்றார்கள். என் தம்பி செய்வான் என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். வீட்டுக்கு வந்து அவனிடம் கேட்டேன்.

"ஏலாது அக்கா," என்றான். "மாதா மேல பாக்கவேணும். எனக்கு இப்ப எல்லாம் குனிஞ்சுதான் வருது."