கியர் கேஸ் போட்ட மலை சைக்கிள்

நான் மலை சைக்கிள் வாங்கி வந்த அன்று எங்கள் குவார்ட்டர்ஸில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "மலை எங்கே?"

ஆவடியில் மலைக்கு எங்கே போவது? எங்கள் தெருவிலிருந்த ஒரே மேடு, தண்ணீர்த் தொட்டி கட்டக் கொட்டி வைத்திருந்த மணல்தான். முதலில் கேட்டவர்களுக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். சாயங்காலத்துக்குள் கடுப்பாகிவிட்டது. "உங்களுக்குக் குழந்தை பிறந்தப்ப, பள்ளிக்கூடம் எங்கேன்னு நான் கேட்டேனா?" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டு, அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வரைபடப் பிரிவில் எனக்கு வேலை. பஸ் படியில் ஒற்றைக் காலில் நிற்க எனக்குப் பொறுமை கிடையாது. லேடீஸ் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. லாரிகள் தோண்டி வைத்த பள்ளங்களில் ரிம் கோணி அப்பளமாகிவிட்டது. தடித்த டயரும் நேர் ஹேண்டில்பாரும் வைத்த இந்தப் புது வண்டியைக் கடையில் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போனது. நடுக்குழாய் சரிவாக இறங்கும். சுடிதார் போட்டுக்கொண்டு தாராளமாக ஏறலாம். பின்சக்கரத்தில் சின்னதும் பெரிதுமாக ஐந்து பல்சக்கரங்கள். ஹேண்டில்பார் பக்கத்து லீவரைத் தள்ளினால் சங்கிலி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். மேட்டில் பெரிய சக்கரம், சமதரையில் சின்னது. இதற்குப் பெயர் கியர் சைக்கிள்.

அந்தப் பெயரில்தான் வினை வந்தது.

அப்பாவுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். டாங்கி செய்கிற தொழிற்சாலையில் ஃபிட்டர். வாழ்நாளில் ஒரே ஒரு சைக்கிள்தான் வைத்திருந்தார். கறுப்பு, இருபத்துநாலு சைஸ், சங்கிலி முழுதையும் தகரத்தால் மூடிய வண்டி. அப்படி மூடுகிற செயின் கவரை அந்தக் காலத்தில் கியர் கேஸ் என்பார்கள். என் புது வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். குனிந்து பார்த்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஏட்டி, கியர் சைக்கிள்னு சொல்லி வித்திருக்கான். கியர் கேஸக் காணலியே? உன்ன நல்லா ஏமாத்திட்டான்."

"அப்பா, இந்தக் கியர் வேற, அந்தக் கியர் வேற."

"எனக்கு கியர் சொல்லிக் குடுக்கியா? டாங்கிக்கே கியர் மாட்டுறவன்ட்டி நான்."

அவர் கோபப்பட்டதற்குக் காரணமும் இருந்தது. கல்யாணமான புதிதில் அம்மாவைக் கேரியரில் உட்கார வைத்துப் பூந்தமல்லிச் சந்தைக்குப் போயிருக்கிறார். யாரிடமோ இரவல் வாங்கிய வண்டி. சங்கிலிக்கு மூடி இல்லை. அம்மாவின் சேலை சுற்றிக்கொண்டு இழுத்ததில் ரோட்டில் விழுந்து தாடை கிழிந்தது. அந்தத் தழும்பு அம்மாவுக்கு இன்றும் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் அம்மா சிரிப்பார். அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

ஆகவே என் வண்டிக்குக் கியர் கேஸ் தயாரானது. ஆவடி மார்க்கெட்டில் பழைய இரும்புக் கடையில் தகடு வாங்கி வந்தார். வேலை முடிந்து வந்ததும் லுங்கியைக் கட்டிக்கொண்டு வீட்டுப் பின்புறம் உட்கார்ந்துவிடுவார். டங் டங் என்று தட்டுகிற சத்தத்தில் அம்மா ரேடியோவை நிறுத்தியே விட்டார். வளைவெல்லாம் கையாலேயே அடித்தது. இரண்டு பாதியாகச் செய்து, போல்ட் போட்டு இணைத்து, பச்சைப் பெயின்ட் அடித்தார். தடிக் கம்பியில் ஒரு கேரியர் வேறு. பொருத்தி முடித்தபோது ஒரு கீறல் இல்லை, ஒரு ஆட்டம் இல்லை. அழகாகத்தான் இருந்தது. எடைதான் எருமை மாட்டு எடை.

"பின்னால ஒரு சாமான் லூஸா ஆடிக்கிட்டுக் கெடந்துச்சு. இறுக்கிட்டேன்" என்றார் பெருமையாக.

அந்த ஆடுகிற சாமான்தான் சங்கிலியைத் தாவ வைப்பது. அதைச் சின்னப் பல்சக்கரத்தோடு சேர்த்து, கிளிப் போட்டு அசையவிடாமல் செய்திருந்தார். லீவரைத் தள்ளினால் சுவரைத் தள்ளுகிற மாதிரி இருந்தது.

"அப்பா, அது ஆடணும்ப்பா."

"ஆடுற வண்டியில எம் புள்ளைய ஏத்த மாட்டேன்."

கையெல்லாம் பச்சைப் பெயின்ட்டோடு அந்த மனிதர் அப்படிச் சொன்ன பிறகு நான் அந்தக் கிளிப்பைத் தொடவில்லை. ஊரிலேயே கியர் மாற்ற முடியாத ஒரே கியர் சைக்கிள் என்னுடையதுதான்.

சமதரையில் ஓட்டக் குறையொன்றும் இல்லை. குறை, நான் பூந்தமல்லிக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சைக்கிள் கடை. கடை அண்ணன் மலை சைக்கிள் பைத்தியம். பழைய புத்தகக் கடையில் வெளிநாட்டுப் பத்திரிகைகளை வாங்கிப் படம் பார்த்துப் பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டவர். கடை வாசலில் ஒரு கரும்பலகை வைத்திருப்பார். "பட்டன் டயர் வந்துகீது, சேத்துல வழுக்காது", "செம்பரம்பாக்கம் கரை சேறு, போவாதே", "ஞாயிறு குத்தம்பாக்கம் செம்மண் ரோடு, காலைல வந்துடு" என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். எங்கள் பக்கத்து மலை சைக்கிள்காரர்களுக்குச் செய்தித்தாள் அதுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நானும் போய்ச் சேர்ந்துகொள்வேன். வானகரத்து வயல் வரப்புகளிலும் குத்தம்பாக்கத்து வண்டிப் பாதைகளிலும் ஏழெட்டுப் பேர் புழுதி பறக்கப் போவோம். பெண் நான் ஒருத்திதான். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை, ஆனால் மேடு வந்தால் எனக்காக நின்று காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்புதான் எனக்கு எரியும்.

ஒரு நாள் பலகையில் பெரிய எழுத்தில் இருந்தது: "அடுத்து ஆந்திரா மலை." ஊத்துக்கோட்டை வரை பஸ் மேல் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து எல்லை தாண்டி நிஜமான மலைக்குப் போவது. எனக்குத் தூக்கமே போய்விட்டது. மலை சைக்கிள் வாங்கி இத்தனை நாளாகியும் மலையைக் கண்ணால் பார்க்கவில்லை. அந்த ரைடுக்கு நான் போயே ஆகவேண்டும்.

அண்ணன் ஒரு நிபந்தனை வைத்தார். அதற்கு முன் ஒரு ஞாயிறு, மவுண்ட் பூந்தமல்லி ரோட்டிலேயே போய்ப் பரங்கிமலை ஏறுவது. "மேல கோயில் வரிக்கும் கால் ஊனாத ஏறணும். ஊனிட்டா ஆந்திரா கெடையாது. நடுமலைல நின்னுட்டா யாரு தள்ளிகினு வர்றது?"

பிறகு என் வண்டியைப் பார்த்தார். கியர் கேஸை விரலால் தட்டினார். டொக் என்று கனமாகச் சத்தம் வந்தது.

"இன்னா தங்கச்சி, டாங்கிக்குப் பெடலு வெச்சிகினு வந்துகீறே? இத்தோட மலை ஏறுவியா? குடு, கயட்டிப் போட்றேன்." மற்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. அந்தத் தகரத்தை வீட்டில் கரித்துக் கொட்டாத நாளில்லை. ஆனால் என் அப்பாவை நான் சொல்வேன்; இவர்கள் யார் சிரிக்க? "கழட்ட வேண்டாம். இதோடயே ஏறுவேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னபோது வீரமாக இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் ஒரு சின்னப் பாலத்து மேட்டிலேயே இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று.

பரங்கிமலை என்றதும் வீட்டில் அனுமதி சுலபமாகக் கிடைத்தது. மலைமேல் இருப்பது மாதா கோயிலாயிற்றே. "நாங்களும் பூசைக்கு வாறோம்" என்று அம்மாவும் அப்பாவும் டிபன் கேரியரோடு பஸ்ஸில் கிளம்பிவிட்டார்கள். அப்பா பூசைக்கு வரும்போதும் பேன்ட் பாக்கெட்டில் ஸ்பேனர் வைத்திருந்தார். பள்ளத்தில் கியர் கேஸ் ஏதாவது லூஸாகியிருந்தால் இறுக்கிவிடலாமே என்று.

போரூர், நந்தம்பாக்கம் வரை எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மலையடிவாரத்தில் ரோடு திரும்பி மேலே எழுந்ததும் என் கால்கள் கல்லாகிவிட்டன. மற்றவர்கள் லீவரைத் தள்ளினார்கள். க்ளிக் க்ளிக் என்று சங்கிலி பெரிய சக்கரத்துக்கு மாறியது. லேசாக மிதித்துக்கொண்டு போனார்கள். நான் பெடல் மேல் எழுந்து நின்றுவிட்டேன். ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு வளைந்து வளைந்து ஏறினேன். அண்ணன் மட்டும் எனக்குப் பக்கத்திலேயே மெதுவாக வந்தார்.

முதல் வளைவில் அப்பா நின்றிருந்தார். நான் வருவதைப் பார்க்க மேலே கோயிலிலிருந்து இறங்கி வந்திருக்கிறார். முன்னால் போனவர்களின் சக்கரங்களையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர், நான் நெருங்கியதும் கத்தினார்.

"ஏட்டி, சங்கிலி தாவுதுட்டி!"

"ஆமாப்பா!"

"எல்லாவனுக்கும் தாவுது. உனக்கு ஏன் தாவல?"

கேட்டு முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. தான் இறுக்கியது எது என்று அந்த இடத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. என் வண்டி அநேகமாக நின்றுவிட்டது. ஹேண்டில்பார் உதறியது. இடது கால் தானாகத் தரையைத் தேடியது.

"ஊனாதே! ஊனாதே தங்கச்சி!" அண்ணன் தன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து, என் ஹேண்டில்பாரை ஒரு கையாலும் கேரியரை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டார். "நைனா, சீக்கிரம்! ஸ்பேனர் கீதா?"

அப்பா அப்படியே ரோட்டில் மண்டி போட்டார், பூசைக்கென்று இஸ்திரி போட்ட பேன்ட்டோடு. நான் சீட்டில் உட்கார்ந்தபடி இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலைப் பக்கவாட்டில் நீட்டி வைத்திருந்தேன். கோயிலுக்கு வந்த கார் ஒன்று ஹாரன் அடித்தது. "இருங்கய்யா, எம் புள்ள கால் ஊனக் கூடாது!" என்று அப்பா திரும்பிப் பார்க்காமலே சத்தம் போட்டார். அவர் போட்ட போல்ட் அல்லவா, லேசில் வருமா? தன்னையே திட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார். பச்சைத் தகடு இரண்டு பாதியாகக் கையோடு வந்தது. கிளிப்பையும் பிடுங்கி எறிந்தார்.

"இப்ப மிதி!"

மிதித்துக்கொண்டே லீவரைத் தள்ளினேன். க்ளிக். அப்பா இறுக்கியதற்குப் பிறகு முதல்முறையாக என் சங்கிலி தாவியது. பெடல் சட்டென்று இலகுவானதில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த வளைவு, அதற்கடுத்த மேடு, கோயில் வாசல் வரை கால் ஊனாமல் ஏறிவிட்டேன். கீழே மீனம்பாக்கத்தில் விமானம் ஒன்று தீப்பெட்டி அளவில் நின்றிருந்தது. அம்மா வந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா ஏறி வந்தார். கியர் கேஸின் இரண்டு பாதியையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். முட்டியில் ரோட்டு மண். பின்னாலேயே அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"நைனா, உம் பொண்ணு கால் ஊனல. நாந்தான் ஊனிட்டேன்" என்றார் அண்ணன் சிரித்துக்கொண்டே. "ஆந்திராவுக்கு அதுதான் முன்னாடி போவணும். அனுப்புவீங்களா?"

அப்பா சிரிக்கவில்லை. "இங்கன நீங்க பிடிச்சுக்கிட்டீங்க தம்பி. அங்க அத்துவான மலையில எம் புள்ளைய யாரு பிடிச்சுக்கிடுவா?"

அம்மா தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். அப்பா எத்தனை சாயங்காலம் உட்கார்ந்து அந்தத் தகட்டைத் தட்டினார், எதை நினைத்துத் தட்டினார் என்பதெல்லாம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதர் மேல் அன்று எனக்கு வந்த பிரியத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"கியர் பிடிச்சுக்கும்ப்பா" என்றேன்.

அப்பா தகடுகளைக் கீழே வைத்தார். அண்ணனைக் கூப்பிட்டு என் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். ஒரு கையால் பெடலைச் சுற்றி, இன்னொரு கையால் லீவரைத் தள்ளினார். சங்கிலி ஒவ்வொரு சக்கரமாக ஏறிப் பெரிய சக்கரத்துக்குப் போனது. திரும்ப இறங்கி வந்தது. மறுபடியும் ஏற்றினார், மறுபடியும் இறக்கினார். பூசை மணி அடித்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"நல்லாத்தான் பிடிக்கு" என்றார் கடைசியில். "போய்ட்டு வா."