டெலாலோவிச் வீட்டு பேக்

முன்னோர் உழைத்துத்தான் சாப்பிட்டார்கள் என்பதில் ஒரு மனிதருக்கு அப்படியென்ன வெட்கம்? சுஹ்தியாவோடு முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்திய ஷெஃபிகாவுக்கே இது விளங்கவில்லை.

துருக்கியர் காலத்தில் டெஷான் ஊர்ச் சந்தையில் அரசாங்க உத்தரவையும், காணாமல்போன மாட்டின் அடையாளத்தையும் தொண்டை கிழியக் கூவிச் சொல்பவரை டெலால் என்பார்கள். அப்படி ஒருவர் வழி வந்த சுஹ்தியாவின் குடும்பத்துக்குப் பெயர் டெலாலோவிச். கொல்லரின் பெயரையும் தோல் பதனிட்டவரின் பெயரையும் சுமந்தபடி ஊரில் பாதிப் பேர் நிம்மதியாக இருந்தார்கள். நகராட்சியில் முத்திரை குத்தியே ஓய்வுபெற்ற சுஹ்தியாவுக்குத்தான் கூசியது. தாம் பேக்குகளின், அந்தப் பழைய நிலப்பிரபுக்களின், வாரிசு என்றார். ஆதாரம் கேட்டால் தம் மூக்கைக் காட்டினார். மனுப் போட்டு, பெயரின் நடுவில் ஒரு பேக்கைச் செருகி டெலால்பெகோவிச் ஆகி, கதவில் பித்தளைப் பலகையும் மாட்டினார். நிலம் என்று சொல்ல பால்கனியில் நாலு மிளகாய்த் தொட்டி இருந்தது.

அண்ணன் ராமிஸ் பஸ் ஓட்டியவர். ஊரே அவருக்குப் பழக்கம். "டேய் பேக், உன் பண்ணையிலேர்ந்து ரெண்டு மொளகா அனுப்புடா" என்பார்.

பிப்ரவரியில் அவர் இறந்தார். மனைவி மக்கள் இல்லாததால் இறப்பு அறிவிப்பு எழுதும் பொறுப்பு தம்பியிடம் வந்தது. பச்சைக் கரையிட்ட தாளில் 'ராமிஸ் டெலால்பெகோவிச்' என்று அச்சடித்து, மின்கம்பங்களிலும் மசூதி வாசலிலும் ஒட்டினார்.

"அது அவர் பேரே இல்லீங்க. சனங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ஷெஃபிகா.

"தெரிஞ்சுக்கட்டும்."

பிணத்தோடு போன ஆண்களை அவள் ஜன்னலிலிருந்து எண்ணினாள். பதினாலே பேர்.

மறுநாள் கடைத்தெருவில் பஸ் கண்டக்டர் ஃபாடில் அவளை நிறுத்தினான். "அக்கா, ராமிஸண்ணன் எங்கே? ரெண்டு நாளா காபிக்கு ஆளக் காணோம்."

"நேத்து மண்ணுல வெச்சாச்சுப்பா. கம்பத்துல ஒட்டியிருந்துச்சே."

"அதுவா? எவனோ வெளியூர் பேக்குன்னுல்ல நெனச்சோம்!" அவன் முகம் கோணியது. "இருபது வருஷம் ஒரே வண்டியில போனவன் நான். ஒரு பிடி மண்ணு போட விடலியே, உன் வீட்டுக்காரரு!"

அவள் அதை ஒரு வார்த்தை விடாமல் வீட்டில் சொன்னாள். சுஹ்தியா தம் காலணியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வசந்தத்தில் கல்லறைக் கல் வெட்டுபவன் வந்தான். எந்தப் பெயர் என்று சொல்லப்போகிறார்? எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்டுவிடுவதென்று ஷெஃபிகா தயாராக நின்றாள்.

"ராமிஸ்னு மட்டும் வெட்டு."

"குடும்பப் பேரு?"

"வேண்டாம்."

கதவிலிருந்த பலகையை அவர் கழற்றவில்லை. கல்லில் ஏன் வேண்டாம் என்றார் என்று ஷெஃபிகா இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் அவர் மிளகாய்த் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.