வரப்பில் கழற்றிய செருப்பு

என் இரண்டு கிட்னிகளில் ஒன்று என் கணவரிடம் இருக்கிறது. கொடுத்தவள் என்ற உரிமையில் அதைப் பற்றி நான் அடிக்கடி விசாரிப்பேன். மாற்றுக் கிட்னியை உடம்பு எதிர்க்காமலிருக்க அவருக்கு தினமும் மாத்திரை. அந்த மாத்திரை நோயை எதிர்க்கும் சக்தியையும் குறைத்துவிடும், மண்ணில் வெறுங்காலோடு நிற்கக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்.

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் கரும்பு. தியாகதுருகத்தில் நானே கடை கடையாக ஏறி அவருக்குச் செருப்பு வாங்கினேன். தினமும் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார். நானும் நம்பினேன்.

ஒரு வருஷம் கழித்து வலது பாதத்தில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி வந்தது. வலியே இல்லை. ஊசி மாத்திரைக்கெல்லாம் அடங்காமல் எலுமிச்சை அளவுக்கு வளர்ந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், காலில் முள் ஏதும் குத்தியதா என்று கேட்டார்.

"இல்லீங்க. செருப்பில்லாம நான் வாசப்படி தாண்டறதில்ல" என்றார் இவர், சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறவரைப் போல.

அப்படியானால் புற்றுநோயா என்று பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். குனிந்த தலையை நிமிர்த்த முடியாமல் இருந்தபோதுதான் தரையில் கிடந்த அவர் செருப்பைப் பார்த்தேன். ஒரு வருஷமாகியும் அடி தேயவே இல்லை.

"இன்னாங்க இது? நீங்க இதப் போட்டுக்கினு நடந்தீங்களா, இது ஒங்களப் போட்டுக்கினு நடந்துச்சா?"

அவர் டாக்டரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார். "வரப்புல கழட்டி வெச்சிட்டு எறங்குவேன். சோறு போடற நெலத்த செருப்புக்காலோட எப்படி மிதிக்கறது? ஒரு நாளு முள்ளு ஏறுச்சி. நானே புடுங்கிப் போட்டுட்டேன்."

கட்டியை வெட்டியெடுத்துச் சோதித்தார்கள். மண்ணிலும் மக்கிய சருகிலும் இருக்கும் கறுப்புப் பூஞ்சையாம். முள்ளோடு உள்ளே போய் அவர் காலில் குடித்தனம் நடத்தியிருக்கிறது. அது முழுசாகப் போக வேண்டுமென்றால் கிட்னி மாத்திரையைக் குறைத்தாக வேண்டும், கிட்னி அதைத் தாங்குமா என்பதை ரத்தம் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

மாத்திரையைக் குறைத்துச் சில வாரம் கழித்து, சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ குடுத்தத மண்ணுல போட்டுட்டேன்" என்று அழுதார். அவரைத் திட்ட எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை.

"அது போனா போவட்டும். நீங்க இருந்தா போதும்" என்றேன். நிஜமாகவே சொன்னேன்.

டாக்டர் சீட்டோடு வந்து, கிட்னிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். உடனே திட்டெல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அங்கேயே ஆரம்பித்தேன்.